வார நாள் மாலையில் பாய்ப்படகுப் பந்தயம்: புதிதாக நடத்த வருபவர்களுக்கு

உங்கள் கிளப்பில் வாரம் ஒரு நாள் மாலை பாய்ப்படகுப் பந்தயம் நடத்தும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படகு ஓட்டத் தெரியும், சில பந்தயங்களில் கலந்துகொண்டும் இருக்கிறீர்கள். ஆனால் கொடி ஏற்றுகிற பக்கம் நின்றதில்லை. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

பெரிய சாம்பியன்ஷிப் நடத்துவது வேறு வேலை. காற்று வரும்வரை காத்திருக்கலாம், மிதவையை மூன்று முறை மாற்றிப் போடலாம், தவறான தொடக்கத்தைத் திரும்ப நடத்தலாம். மாலைப் பந்தயத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. வேலை முடிந்து ஓடி வருகிறவர்கள் சொன்ன நேரத்துக்குப் புறப்பட வேண்டும், வெளிச்சம் இருக்கும்போதே கரை சேர வேண்டும். ஆகவே முதலில் கடிகாரம், மற்றதெல்லாம் அப்புறம்.

பின்னோக்கி எண்ணுங்கள்

அன்றைய சூரிய அஸ்தமன நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 7:00 மணி என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்குள் கடைசிப் படகும் கரையில் இருக்க வேண்டும். முடிவுக் கோட்டிலிருந்து கரைக்கு வர அரை மணி நேரம் ஆகுமென்றால், கடைசிப் படகு 6:30-க்குள் முடிக்க வேண்டும். மெதுவான படகுக்கு 70 நிமிடம் பிடிக்கும் என்றால் தொடக்கம் 5:20. எச்சரிக்கைக் கொடி 5:15. இந்த 5:15-தான் நீங்கள் அறிவிக்க வேண்டிய நேரம்.

அஸ்தமனத்துக்குப் பிறகும் கொஞ்ச நேரம் வெளிச்சம் இருக்குமே என்று கணக்குப் போடாதீர்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அந்த வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். வடக்கே தெற்கே தள்ளிப் போகப் போக நீளும். எங்கே இருந்தாலும் அதை அவசரத்துக்கான கையிருப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அஸ்தமனம் முதல் உதயம் வரை படகுகள் வழிகாட்டி விளக்குகளோடு போக வேண்டும் என்பது கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான சர்வதேச விதி. சின்னப் படகுகள் பலவற்றில் அந்த விளக்கே இருக்காது.

இன்னொரு காரணம் காற்று. கரையோரத்தில் பகல் முழுக்க நிலம் சூடாவதால் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. வெயில் தாழ்ந்து நிலம் குளிர ஆரம்பித்ததும் அந்தக் காற்று விழுந்துவிடும். நல்ல காற்றில் ஆரம்பித்த பந்தயம் கடைசிச் சுற்றில் அப்படியே நின்றுபோவது மாலையில் அடிக்கடி நடப்பது. அதனால் பந்தயத்தைச் சிறிதாகத் திட்டமிடுங்கள். 45 நிமிடத்தில் முடிந்த பந்தயத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இருட்டில் துடுப்புப் போட்டுத் திரும்பி வந்தவர் அடுத்த வாரம் வருவாரா என்பது சந்தேகம்.

பருவம் நகர நகர அஸ்தமன நேரமும் நகரும். பருவம் தொடங்கும்போதே எல்லா வாரங்களுக்கும் நேர அட்டவணை போட்டு ஒட்டிவிடுங்கள். நடுவில் மாற்றினால் பாதிப் பேருக்குத் தெரியாமலே போகும்.

எழுத்தில் என்ன இருக்க வேண்டும்

உலகம் முழுக்கப் பாய்ப்படகுப் பந்தயங்கள் வேர்ல்ட் செய்லிங் அமைப்பின் பந்தய விதிகளின்படி நடக்கின்றன. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை அவற்றைத் திருத்துவார்கள். இப்போதுள்ளது 2025 ஜனவரி 1 முதல் 2028 இறுதி வரைக்கானது. முதல் வாரமே எல்லா விதியையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விதிப் புத்தகம் ஒன்று படகில் இருக்கட்டும்.

நீங்கள் எழுத வேண்டியவை இரண்டு. ஒன்று, பந்தய அறிவிப்பு: யார் கலந்துகொள்ளலாம், எந்தத் தேதிகளில், எந்த விதிகளின்படி, புள்ளிக் கணக்கு எப்படி என்பது. இன்னொன்று, ஓட்டக் குறிப்புகள்: தொடக்கக் கோடு எங்கே, பாதைகள் என்னென்ன, நேர வரம்பு எவ்வளவு, ரேடியோவில் எந்தச் சேனல் என்பது. இவற்றில் என்னென்ன வர வேண்டும் என்ற பட்டியல் விதிப் புத்தகத்தின் பிற்சேர்க்கை ஜே-யில் உள்ளது. பெரிய போட்டியின் பதினைந்து பக்க ஆவணத்தை அப்படியே நகலெடுக்காதீர்கள். மாலைப் பந்தயத்துக்கு இரண்டு பக்கம் போதும். ஈரக் கையோடு படகில் உட்கார்ந்து படிக்க முடிகிற அளவில் இருந்தால்தான் யாராவது படிப்பார்கள்.

அதில் சிலவற்றை மட்டும் அழுத்தமாக எழுதுங்கள். எல்லோரும் லைஃப் ஜாக்கெட் அணிந்தே இருக்க வேண்டும். பந்தயத்தை விட்டு விலகும் படகு உடனே கமிட்டி படகுக்கு (பந்தயத்தை நடத்துபவர்கள் இருக்கும் படகு) சொல்ல வேண்டும். நேர வரம்பு இது. கப்பல்கள் போகும் வாய்க்கால் பக்கத்தில் இருந்தால் அங்கே அவற்றுக்கு வழிவிட வேண்டும். குறுகிய வாய்க்காலை விட்டு விலக முடியாத கப்பலுக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது என்பது பாய்ப்படகுகளுக்கும் பொருந்தும் சர்வதேச விதி. பந்தயத்தில் இருக்கிறோம் என்பது அதற்குச் சாக்காகாது.

காற்று இருக்கிறது, பந்தயம் நடக்கிறது என்பதற்காக யாரும் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. இறங்குவதா வேண்டாமா, தொடர்வதா திரும்புவதா என்று முடிவெடுக்கும் பொறுப்பு அந்தந்தப் படகுடையது என்று விதிப் புத்தகமே சொல்கிறது. அந்த வரியை ஓட்டக் குறிப்பின் முதல் பக்கத்தில் போடுங்கள். அதற்காக உங்கள் பொறுப்பு குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

ஆட்கள்

கமிட்டி படகில் மூன்று பேராவது வேண்டும். ஒருவர் பந்தய அதிகாரி, கோட்டின் மேல் கண் வைப்பவர் அவர்தான். ஒருவர் கடிகாரமும் ஹாரனும். ஒருவர் கொடி. நான்காவது ஆள் கிடைத்தால் எழுதுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மீட்புப் படகில் இரண்டு பேர்: ஒருவர் ஓட்ட, ஒருவர் தண்ணீரில் இருப்பவரைத் தூக்க. ஒரே ஆளை அனுப்பினால் அவர் மோட்டாரையும் பார்க்க முடியாது, ஆளையும் தூக்க முடியாது.

இந்த ஆறு பேரையும் வாரா வாரம் தேடித் திரிய முடியாது. பதிவு செய்யும் ஒவ்வொரு படகும் பருவத்தில் ஒரு முறையாவது கமிட்டிப் பணி செய்ய வேண்டும் என்று அறிவிப்பிலேயே எழுதி, முறைவைத்துப் பெயர்களைப் போட்டுவிடுங்கள். பணி செய்யும் வாரத்தில் அவர்களுக்குப் புள்ளி போகக் கூடாது. அவர்களுடைய மற்றப் பந்தயங்களின் சராசரிப் புள்ளியை அந்த வாரத்துக்குக் கொடுப்பது நியாயமான வழி. இதையும் எழுத்தில் வைத்தால்தான் செல்லும். கமிட்டி படகில் ஒரு மாலை நின்று கோட்டைப் பார்த்தவர், அடுத்த வாரம் தன் படகை எவ்வளவு நன்றாகப் புறப்பட வைக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள்.

ஆளே கிடைக்காத வாரத்துக்கும் ஒரு வழி உண்டு. கரையில் நட்ட இரண்டு கம்பங்களை ஒரே நேர்கோட்டில் பார்த்தால் அதுவே தொடக்கக் கோடு. ஒருவர் கரையில் நின்றே நடத்திவிடலாம். அதுவும் இல்லையென்றால் முயல் தொடக்கம்: ஒரு படகு போர்ட் டாக்கில் (காற்று இடப்பக்கம் படும்படி), காற்றுக்கு முடிந்த அளவு நெருக்கி ஓடும், மற்றவை எல்லாம் ஸ்டார்போர்டு டாக்கில் (காற்று வலப்பக்கம் படும்படி) அதன் பின்பக்கத்தை ஒட்டிக் கடந்து பந்தயத்தைத் தொடங்கும். கொடியோ ஹாரனோ தேவையில்லை. ஆனால் மீட்புப் படகு இல்லாமல் மட்டும் எந்த வாரமும் நடத்தாதீர்கள்.

பெட்டியில் இருக்க வேண்டியவை

கொடிகள், இரண்டு ஹாரன் (ஒன்று வேலை செய்யாமல் போகும்), ஒரு விசில், இரண்டு ஸ்டாப்வாட்ச், கையில் பிடிக்கும் திசைகாட்டி, பைனாகுலர், வி.எச்.எஃப். ரேடியோ, பாதை எண் எழுதும் பலகை, பென்சில்கள். பேனா ஈரக் காகிதத்தில் எழுதாது, பென்சில் எழுதும். செல்போனிலோ தனியாகவோ ஒரு குரல் பதிவு வசதி. இது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மீட்புப் படகில்: இழுக்கும் கயிறு, வீசும் கயிறு, முதலுதவிப் பெட்டி, போர்வை, சட்டென்று எடுக்கக்கூடிய கத்தி. ஓட்டுநர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கயிறு அவர் காலிலோ இடுப்பிலோ மாட்டியிருக்க வேண்டும். மாட்டாமல் மோட்டாரைக் கிளப்ப விடாதீர்கள், யாராக இருந்தாலும்.

மிதவை என்றதும் எல்லோரும் மேலே தெரியும் பந்தைத்தான் யோசிப்பார்கள். பிரச்சினை அடியில் இருக்கிறது. நங்கூரம், அதை ஒட்டி இரண்டு மூன்று மீட்டர் சங்கிலி, அப்புறம் கயிறு. ஆழத்தைப் போல் மூன்று மடங்காவது கயிறு விட்டால்தான் நங்கூரம் பிடிக்கும். அப்படி விட்ட கயிறு மிதவைக்கு அருகில் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே சாய்ந்து கிடக்கும். மிதவையை ஒட்டித் திரும்பும் படகின் சுக்கானிலோ, அடியில் நீட்டியிருக்கும் கீலிலோ மாட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்க, மிதவைக்கு இரண்டு மூன்று மீட்டர் கீழே கயிற்றில் ஒரு சிறிய எடையைக் கட்டுங்கள். கயிறு மிதவையிலிருந்து நேராகக் கீழே இறங்கி, அதற்குப் பிறகுதான் சாயும். ஐந்து நிமிட வேலை. செய்யாத வாரத்தில் மிதவையைச் சுற்றி நாலு படகு மாட்டிக்கொண்டு நிற்கும்.

பாதை எவ்வளவு நீளம்

மாலைக்கு எனக்குப் பிடித்தது, காற்று வரும் திசையில் ஒரு மேல் மிதவை, எதிர்ப்பக்கம் ஒரு கீழ் மிதவை, நடுவில் ஏறி இறங்கும் சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் தொடக்கக் கோட்டைக் கடக்கிற மாதிரி வைத்தால், எந்தச் சுற்றில் வேண்டுமானாலும் பந்தயத்தை முடித்துவிடலாம். நிரந்தர மிதவைகளும் திசைக்குறிகளும் நிறைய இருக்கும் இடத்தில், அவற்றை வைத்தே பத்துப் பாதைகளுக்கு எண் கொடுத்து அட்டை அடித்துக்கொள்வது இன்னும் சுலபம். அன்றைய காற்றுக்கு ஏற்ற எண்ணைப் பலகையில் காட்டினால் போதும், மிதவை போடும் வேலையே மிச்சம்.

நீளத்தைக் குத்துமதிப்பாகப் போடாமல் இப்படிக் கணக்கிடுங்கள். பாய்ப்படகு நேரே காற்றுக்கு எதிராகப் போக முடியாது. ஏறக்குறைய 45 பாகை சாய்ந்து, மாறி மாறி டாக் அடித்துத்தான் ஏறும். ஆகவே 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் ஓடும் படகு, காற்றின் திசையில் உண்மையாக முன்னேறுவது 3.5 நாட்தான். மேல் மிதவைக்கும் கீழ் மிதவைக்கும் 0.6 கடல் மைல், அதாவது சுமார் 1.1 கிலோமீட்டர் இருந்தால், ஏற 10 நிமிடம், இறங்க 7 அல்லது 8 நிமிடம். ஒரு சுற்று 18 நிமிடம். மூன்று சுற்று ஓடினால் 54 நிமிடம். அதே பாதையில் காற்று குறைந்து படகின் வேகம் 3 நாட் ஆகிவிட்டால் ஒரு சுற்றுக்கே அரை மணி நேரம் போய்விடும். அன்றைக்கு இரண்டு சுற்றுக்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

குறைந்த காற்று இருக்கும் நாளில் சந்தேகம் வந்தால் சின்னப் பாதையைப் போடுங்கள். பாதையை நடுவில் நீட்டுவது சிரமம். குறைப்பது சுலபம்.

கோட்டை விரிப்பது

கமிட்டி படகை அணியத்திலிருந்து (முன்முனையிலிருந்து) நங்கூரமிடுங்கள். நன்றாகப் பிடித்ததா என்று கரையில் இரண்டு அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். காற்றைப் பார்த்து நின்றால் கமிட்டி படகு கோட்டின் வலது முனை, மிதவை இடது முனை.

கோட்டின் நீளத்துக்கு ஒரு நல்ல அளவு: படகுகளின் எண்ணிக்கையைப் படகின் நீளத்தால் பெருக்கி, அதில் ஒன்றே கால் முதல் ஒன்றரை மடங்கு. 7 மீட்டர் படகுகள் 12 என்றால் 105 முதல் 126 மீட்டர். இதைவிடச் சிறிதானால் முட்டல் மோதல். பெரிதானால் நடுவில் இருப்பவருக்குக் கோடு எங்கே இருக்கிறதென்று தெரியாது.

கோடு காற்றுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். காற்று 220 பாகையிலிருந்து வந்தால், கமிட்டி படகிலிருந்து இடது முனை மிதவை 130 பாகையில் தெரிய வேண்டும். நான் 135 வைப்பேன். அதாவது மிதவை முனை ஐந்து பாகை முன்னால். எல்லோரும் ஸ்டார்போர்டு டாக்கில் புறப்படுவதால் இயல்பாகவே கமிட்டி படகுப் பக்கம்தான் நெருக்குவார்கள். மிதவை முனைக்குக் கொஞ்சம் சலுகை இருந்தால் கூட்டம் பரவும், உங்கள் படகும் இடி வாங்காது.

எச்சரிக்கைக் கொடிக்குப் பத்து நிமிடம் முன்பு மறுபடி காற்றைப் பாருங்கள். காகிதத்தில் எழுதுங்கள். அதற்கு முந்தைய அளவோடு ஒப்பிட்டு, இருபது பாகைக்கு மேல் திரும்பியிருந்தால் கோட்டைச் சரிசெய்யுங்கள். நேரம் பற்றவில்லையா, ஒத்திவைப்புக் கொடி இருக்கிறது.

ஐந்து நிமிடம்

இதுதான் புதியவர்களைப் பயமுறுத்துகிற பகுதி, ஆகவே நிதானமாகப் பார்ப்போம். விதிகளின் 26-ஆம் எண்படி தொடக்கம் இப்படி:

5 நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி (புறப்படப்போகும் படகு வகைக்கான கொடி) ஏறும், ஒரு ஒலி. இது எச்சரிக்கை.
4 நிமிடத்தில் பி கொடி ஏறும், ஒரு ஒலி. நீலத்தில் நடுவே வெள்ளைச் சதுரம் உள்ள கொடி. இது ஆயத்தம்.
1 நிமிடத்தில் பி கொடி இறங்கும், ஒரு நீண்ட ஒலி.
பூஜ்யத்தில் வகுப்புக் கொடி இறங்கும், ஒரு ஒலி. பந்தயம் தொடங்கிவிட்டது.

நேரத்தைக் கணக்கிட வேண்டியது கொடியை வைத்து, ஒலியை வைத்தல்ல. ஹாரன் ஊதாமல் போனாலும் தொடக்கம் செல்லும். இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். ஹாரன் மக்கர் செய்தால் கொடியை மட்டும் சரியான நொடியில் இறக்குங்கள்.

படகில் அது நடக்கும் விதம் இப்படி இருக்கட்டும். கடிகாரம் வைத்திருப்பவர் மட்டும் பேசுகிறார்: "தொடக்கத்துக்கு இன்னும் முப்பது... இருபது... பத்து... ஐந்து, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு, இறக்கு." கொடியாள் கயிற்றை முன்னாலேயே அவிழ்த்துக் கையில் சுற்றாமல் பிடித்திருக்கிறார். 'இறக்கு' என்ற சொல்லோடு கொடி கீழே வருகிறது, அதே கணத்தில் ஹாரன். பந்தய அதிகாரி இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. கம்பத்தையும் மிதவையையும் ஒரே கோட்டில் பார்த்துக்கொண்டு, குரல் பதிவைப் போட்டுவிட்டு முணுமுணுக்கிறார்: "பதினாலு கோட்டுக்குப் பக்கத்தில்... இருபத்திரண்டு முன்னால் வருகிறது, இன்னும் வருகிறது, தாண்டிவிட்டது... மற்றது எல்லாம் பின்னால்." ஐந்து நொடிக்குள் நடப்பதை எழுத முடியாது, சொல்ல முடியும். பின்னால் யாராவது கேள்வி கேட்டால் அந்தப் பதிவுதான் பதில்.

22-ஆம் எண் படகு முன்னதாகவே கடந்துவிட்டது. உடனே எக்ஸ் கொடி, வெள்ளையில் நீலச் சிலுவை, ஒரு ஒலியோடு ஏற வேண்டும். அந்தப் படகு முழுதாகத் திரும்பி வந்து மறுபடி தொடங்கும்வரை கொடி இருக்கும். வரவில்லை என்றால் அதிகபட்சம் நான்கு நிமிடம். அதற்குள் அடுத்த வகுப்பின் தொடக்கம் வந்தால், அதற்கு ஒரு நிமிடம் முன்பே இறக்கிவிட வேண்டும். ரேடியோவில் எண்ணைச் சொல்வது மாலைப் பந்தயத்தில் நல்ல பழக்கம். சொல்வதாக ஓட்டக் குறிப்பில் எழுதிவிட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சொல்லுங்கள். 2021 முதல், தொடங்குவதற்கும் முடிப்பதற்கும் படகின் உடல் மட்டுமே கணக்கு. முன்னால் நீட்டிய பாயோ ஆளின் கையோ கணக்கில் வராது.

யார் தாண்டினார்கள் என்றே தெரியாத அளவுக்குக் கூட்டமாகத் தாண்டிவிட்டால் முதல் மாற்றுக் கொடி (First Substitute), இரண்டு ஒலி. அது எல்லோரையும் திரும்ப அழைக்கும். மாலையில் இதைக் கூடியவரை தவிருங்கள். ஒரு முறை அழைத்தால் பத்து நிமிடம் போய்விடும்.

ஆரம்பிக்கும் முன்பே ஏதோ சரியில்லை என்று தோன்றினால், சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஏ.பி. கொடியை இரண்டு ஒலியோடு ஏற்றுங்கள். ஒத்திவைப்பு. தயாரானதும் ஒரு ஒலியோடு இறக்கினால், ஒரு நிமிடத்தில் எச்சரிக்கைக் கொடி. ஒத்திவைக்க யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. கோணலான கோட்டில் விடுவதைவிட நாலு நிமிடம் தாமதம் மேல்.

பந்தயம் நடக்கும்போது

புறப்பட்டுவிட்டார்கள் என்றதும் ஓய்வு என்று நினைக்காதீர்கள். முதல் படகு மேல் மிதவையைச் சுற்றும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் படகுடையதையும். ஒரு சுற்று முடிந்ததும் மீதிச் சுற்றுகளுக்கு எவ்வளவு ஆகும் என்று பெருக்கிப் பாருங்கள். நேர வரம்பைத் தாண்டும் என்று தெரிந்தால் எஸ் கொடி, வெள்ளையில் நீலச் சதுரம், இரண்டு ஒலி. கோட்டிலோ ஒரு மிதவையிலோ நின்று காட்டினால் அங்கேயே பந்தயம் முடியும். முதல் படகு கடப்பதற்கு முன்பே கொடி ஏறியிருக்க வேண்டும், அதன் பிறகு ஏற்றினால் செல்லாது.

காற்று முற்றிலும் நின்றுவிட்டது, அல்லது ஆபத்தாகிவிட்டது என்றால் 'என்' (N) கொடி, நீல வெள்ளைக் கட்டங்கள், மூன்று ஒலி. பந்தயம் கைவிடப்பட்டது. அதன் கீழே ஏ கொடியும் இருந்தால் இன்று இனிப் பந்தயமே இல்லை என்று அர்த்தம்.

இடியில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே 30 நொடிக்குள் இருந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உலோகப் பாய்மரம் தூக்கி நிற்கும் படகுகளைத் திறந்த தண்ணீரில் வைத்திருக்க அது போதாத தூரம். முதல் இடத்தில் இருப்பவர் இன்னும் ஐம்பது மீட்டர்தான் என்று கத்தினாலும் 'என்' (N) கொடியை ஏற்றி எல்லோரையும் கரைக்கு அனுப்புங்கள்.

கவிழ்ந்த படகுக்குப் போகும் மீட்புக் குழுவுக்கு ஒரே கட்டளை: முதலில் தலைகளை எண்ணு. இரண்டு பேர் போன படகென்றால் இரண்டு தலை தெரியும்வரை வேறெதுவும் செய்யாதே. படகை அப்புறம் நிமிர்த்தலாம். பக்கத்தில் ஓடும் பந்தயப் படகும் ஆபத்தில் இருப்பவருக்கு உதவியாக வேண்டும், அதுதான் பந்தய விதிகளிலேயே முதல் விதி. உதவப் போய் இடம் இழந்த படகு புள்ளி நிவாரணம் கேட்கலாம். கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

முடிவும் கணக்கெடுப்பும்

முடிவுக் கோட்டிலும் குரல் பதிவு ஓடட்டும். ஒருவர் படகு எண்ணைச் சொல்ல, கடிகாரம் வைத்திருப்பவர் நேரம் சொல்ல, எழுதுபவர் எழுதுகிறார். எதிர் வெயிலில் பாயின் எண் தெரியாது. அப்போது பாயின் நிறம், படகின் நிறம், ஆள் எத்தனை என்று எதையாவது சொல்லி வையுங்கள், கரையில் வந்து கண்டுபிடித்துக்கொள்ளலாம். நாலு படகு சேர்ந்து வந்தால் முதலில் வரிசையைச் சொல்லுங்கள், நேரம் பிறகு.

கடைசிப் படகு கடந்ததும் பட்டியலைப் பாருங்கள். புறப்பட்டவை எத்தனை, முடித்தவை எத்தனை, விலகியவை எத்தனை. கூட்டினால் சரியாக வர வேண்டும். வரவில்லை என்றால் யாரும் கிளம்பக் கூடாது. கரையிலும் ஒரு பலகை வையுங்கள்: தண்ணீரில் இறங்கும்போது தன் எண் வில்லையை எடுத்துக்கொண்டு போக வேண்டும், திரும்பியதும் மாட்ட வேண்டும். பலகை நிறையும்வரை மீட்புப் படகைக் கரையேற்றாதீர்கள்.

யார் ஜெயித்தார்கள்

எல்லாம் ஒரே வகைப் படகு என்றால் முதலில் வந்தவர் வென்றவர். கிளப்புகளில் பெரும்பாலும் கலவையாகத்தான் இருக்கும். அப்போது வேக மதிப்பெண் வைத்துத் திருத்த வேண்டும்.

பிரிட்டனில் உருவான போர்ட்ஸ்மவுத் எண் முறையில், எடுத்த நேரத்தை 1000-ஆல் பெருக்கிப் படகின் எண்ணால் வகுப்பார்கள். எண் 1100 உள்ள மெதுவான படகு 55 நிமிடத்தில் முடித்தால் திருத்திய நேரம் 50 நிமிடம். எண் 1000 உள்ள வேகமான படகு 51 நிமிடத்தில் முடித்தால் அது 51 நிமிடமாகவே இருக்கும். நாலு நிமிடம் பின்னால் வந்த படகு ஒரு நிமிடத்தில் வென்றது. வட அமெரிக்காவில் பரவலான பி.எச்.ஆர்.எஃப். முறையில் ஒரு கடல் மைலுக்கு இத்தனை நொடி என்று சலுகை. 150 உள்ள படகு, 180 உள்ள படகுக்கு மைலுக்கு 30 நொடி கடன்பட்டிருக்கிறது. 5 மைல் பாதையில் இரண்டரை நிமிடம். இந்த முறைக்குப் பாதையின் தூரம் சரியாகத் தெரிய வேண்டும், முதல் முறைக்கு வேண்டாம். மிதவையை வாரா வாரம் வேறு இடத்தில் போடுகிற கிளப்புக்கு நேரத்தை மட்டும் வைத்துக் கணக்கிடும் முறையே நிம்மதி.

இன்னொரு வழியும் உண்டு. மெதுவான படகை முதலில் விட்டு, வேகமானவற்றைக் கணக்குப்படி தாமதமாக விடுவது, துரத்தல் பந்தயம். யார் முன்னால் இருக்கிறாரோ அவர்தான் வெல்கிறார், கணக்கே தேவையில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முடிவதால் மாலைக்கு மிகவும் பொருந்தும். மாதம் ஒரு முறையாவது நடத்திப் பாருங்கள்.

தொடருக்கான புள்ளி எளிது: முதலிடம் 1, இரண்டாமிடம் 2 என்று போகும், குறைவாக எடுத்தவர் வெல்வார். வராதவருக்கு, தொடரில் பதிந்த படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிப் போடுவார்கள். இருபது படகு பதிந்து எட்டுதான் வருகிற மாலைகளில் இது கொடுமை. கோட்டுக்கு வந்து முடிக்க முடியாமல் போனவருக்கும் 21 விழும். பிற்சேர்க்கை ஏ-யில் ஏ5.3 என்ற விதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதாக எழுதிவிட்டால், வந்தும் முடிக்காதவருக்கு அன்று வந்த படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று, அதாவது 9 மட்டுமே. என் ஓட்டு இதற்குத்தான். வந்து முயன்றவரும் வீட்டில் இருந்தவரும் ஒன்றாகக் கூடாது. நீக்கக்கூடிய மோசமான பந்தயங்களின் எண்ணிக்கையையும் கூட்டுங்கள். விதிப்படி ஒன்றுதான். வார நாளில் வேலை இருக்கும் ஆட்களுக்குப் பத்தில் மூன்றைக்கூட நீக்கலாம். செய்ல்வேவ் என்ற இலவச மென்பொருள் இந்தக் கணக்கை எல்லாம் செய்துவிடும்.

முடிவை அன்று இரவே ஒட்டுங்கள், தற்காலிகம் என்று போட்டாவது.

புதியவர்கள்

படகு இல்லாதவர்கள், முதல் முறை வருபவர்கள் கரையில் வந்து நிற்க ஓர் இடமும் நேரமும் இருக்கட்டும். ஆள் தேவைப்படும் படகுக்காரர்களும் அங்கேயே வரட்டும். ஸ்பின்னேக்கர் (பின்காற்றில் முன்னால் விரிக்கும் பெரிய பாய்) இல்லாத வகுப்பு ஒன்றைத் தனியாக வைத்து, அவர்களுக்குத் தனித் தொடக்கம் கொடுங்கள். குடும்பத்தோடு வருபவர்களும் பழைய பயணப் படகு வைத்திருப்பவர்களும் அந்த வகுப்பில்தான் சேருவார்கள். பல கிளப்புகளில் மாலைப் பந்தயம் உயிரோடு இருப்பதே அவர்களால்தான்.

முதல் நாள் அவர்களுக்கு ஐந்து விஷயம் சொன்னால் போதும். போர்ட் டாக்கில் இருப்பவர் ஸ்டார்போர்டுக்கு வழிவிட வேண்டும். ஒரே டாக்கில் பக்கம் பக்கமாகப் போனால் காற்று வரும் பக்கம் இருப்பவர் விலக வேண்டும். பின்னால் வருபவர் முன்னால் போகிறவரைத் தவிர்க்க வேண்டும். மிதவைக்கு மூன்று படகு நீளத்துக்குள் வந்தால் உள்பக்கம் இருப்பவருக்கு இடம் விட வேண்டும். உரிமை இருந்தாலும் மோதக் கூடாது.

புகார் வந்தால்

விதியை மீறியவர் அங்கேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டால் விஷயம் முடிந்தது. மிதவையைத் தொட்டால் ஒரு சுற்று. சுற்றாவிட்டால் மற்றவர் 'புரோட்டெஸ்ட்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஆறு மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகு சிவப்புக் கொடியும் காட்ட வேண்டும்.

வார நாள் இரவில் முழு விசாரணை நடத்த யாருக்கும் தெம்பு இருக்காது. அதற்காகப் பிற்சேர்க்கை டி-யில் (T) சமரச முறை இருக்கிறது. விதி தெரிந்த ஒருவர் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேட்டு, தன் கருத்தைச் சொல்வார். தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொள்பவர் தகுதி நீக்கத்துக்குப் பதிலாக 30 சதவீதப் புள்ளித் தண்டனையை ஏற்கலாம். இதைப் பயன்படுத்துவதாகப் பந்தய அறிவிப்பிலோ ஓட்டக் குறிப்பிலோ எழுதியிருக்க வேண்டும். புகார் கொடுக்க, கடைசிப் படகு முடித்ததிலிருந்து ஒரு மணி நேரம் என்று வரம்பு வையுங்கள். சமரசம் செய்பவர் அன்றைய பந்தயத்தில் ஓடாதவராக இருப்பது நல்லது. கமிட்டிப் பணி முறைப்பட்டியல் போடும்போதே, ஒவ்வொரு வாரமும் விதி தெரிந்த ஒருவராவது அன்று ஓடாமல் இருக்கும்படி பெயர்களை அமையுங்கள்.